வேற்றுமை பாராமையும் வேற்றுமை அறிதலும்

வைத்தியசாலை ஒன்றிலே கடமையாற்றும் எவரையேனும் அணுகி, இனத்தாலும் மதத்தாலும் மொழியாலும் வேறுபட்டோர் அங்கு ஒருங்கிருந்து பணியாற்றும் நிலை எத்தகையது என வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றேயாகும். "எங்களுக்கு எல்லா நோயாளியும் ஒன்றுதான்" என்பதே அது. இவ்விடையைப் பொய்யென ஒதுக்குவதற்கில்லை. பிற அலுவலகங்களிற் காணக்கிடையாத ஒரு நடுவுநிலைமை வைத்தியசாலை விடுதிகளில் உண்டென்பதை அங்கு நோயுற்றுக் கிடந்தோர் அறிவர். எனினும் வினா நோயாளியைப் பற்றியதன்று. உடன் நின்று தொழில் செய்வாரைப் பற்றியது. ஒன்றை வினவ மற்றொன்று விடையாக வருமிடத்து, இடையில் ஏதோ சொல்லப்படாது நிற்கின்றது என ஐயுறுதல் தவறாகாது. அச்சொல்லப்படாத பொருளையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

"பன்மைத்துவம்", "உள்வாங்கல்" என்னும் இரு சொற்கள் அண்மைக் காலத்தில் எமது பிரதேசத்திற் பெருவழக்குப் பெற்றுள்ளன. செயலமர்வுகளில் மதிய உணவுப் பொதியோடு இச்சொற்களும் வழங்கப்படுகின்றன. சொற்களோடு எனக்குப் பகையில்லை. ஆயினும், உள்வாங்கல் என்று கூறும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர் யார், வாங்கப்படுபவர் யார் என்ற வினா உடன் எழுகின்றது. விருந்தாளியை எத்துணை அன்போடு உபசரிப்பினும் அவர் விருந்தாளியே. எப்போது எழுந்து செல்லவேண்டும் என்பதை அவர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். சாய்ந்தமருதில் வாழ்வோர்க்கு இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பெரிய நீலாவணையிலிருந்து தெற்கு நோக்கிக் கரையோரப் பெருந்தெருவிற் செல்வோர், மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைக் காண்பர். ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றையது எங்கே தொடங்கிற்று என்பதை வேற்றூரார் அறியமாட்டார். நாம் அறிவோம். மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்புத் தமிழ் ஊர். சாய்ந்தமருது முஸ்லிம் ஊர், விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு தமிழ் ஊர். இரு சாராரும் பேசுவது தமிழே. தாய்வழிக் குடி முறையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கமும் இரு சாரார்க்கும் பொதுவானவை. இருந்தும் கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. வடக்கில் ஒன்று, தெற்கில் 2000 ஆம் ஆண்டு விபத்தில் மறைந்த அமைச்சர் அஷ்ரபின் பெயர் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலை. ஒன்றிலிருந்து மற்றையதற்குச் சில நிமிடங்களிற் சென்றுவிடலாம். அரச பத்திரங்களில் இரண்டும் அனைவர்க்கும் உரியன; ஊரார் வாய்மொழியில் ஒன்று தமிழருடையது, மற்றையது முஸ்லிம்களுடையது. நாட்டிலுள்ள நிருவாக மாவட்டங்கள் 25 ஆயிருக்க, சுகாதாரப் பிராந்தியங்கள் 26 ஆயிருப்பதற்குக் காரணமும் அம்பாறை மாவட்டத்திலிருந்து கல்முனை தனிப் பிராந்தியமாகப் பிரிந்து நிற்பதேயாகும். பிரதேச செயலகம் தனியே வேண்டும் என்று ஒரு சாரார். நகரசபை தனியே வேண்டும் என்று எமதூரார். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என வர்த்தமானி வந்ததையும், மகிழ்ச்சி ஆறுமுன்னரே அது மீளப்பெறப்பட்டதையும் மறந்தார் இலர். தனித்திருத்தலில் எமக்குள்ள ஆர்வம் வேறெதிலும் இல்லையோ என எண்ணத் தோன்றுகின்றது.

ஆயினும் இப்பிரிவினையை எள்ளி நகையாடுவது எளிதேயன்றி நீதியன்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். ஏறாவூரில் உறங்கியோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அத்தகைய காலத்தில் அடுத்த ஊரைக் கடந்து வைத்தியசாலைக்குச் செல்வது என்பது நோயினும் பெரிய ஆபத்தாயிற்று. அச்சமுற்ற மக்கள் தம்மூர் எல்லைக்குள் ஒரு வைத்தியசாலையைத் தேடியமை பிரிவினை வாதத்தால் அன்று. பிள்ளைப்பேற்று வலி எழுந்த பெண்ணை இரவில் எங்கே கொண்டு செல்வது என்ற கவலையாலேயே ஆகும். அச்சத்திற் பிறந்த ஓர் அமைப்பு, அச்சம் நீங்கிய பின்னரும் ஏன் நிற்கின்றது என்பதே இன்றைய வினா. 2004 திசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, சாய்ந்தமருதின் கரைவீடுகளையும் பாண்டிருப்பின் கரைவீடுகளையும் அது பிரித்தறியவில்லை. அன்று உள்ளே கொண்டுவரப்பட்டோரை எவ்வூரார் என வினவியவர் இலர் என்பதைப் பெரியோர் இன்றும் பெருமையோடு கூறுவர். பெருமைக்குரியதே. ஆனால் ஆழிப்பேரலை நாளொன்றில் நிகழ்ந்ததை நாளாந்த ஒழுக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேரிடரில் மனிதர் பெரும்பாலும் நல்லவரே; அறத்தின் சோதனை சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலேயே நிகழ்கின்றது.

மருத்துவ அறம் பற்றிய பழைய நூல்களும் புதிய பிரகடனங்களும் நோயாளியைப் பற்றியே மிகுதியும் பேசின. 1948 இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாவில் வெளியிட்ட உறுதிமொழி, மதம், நாடு, இனம், கட்சி, சமூகத் தரம் என்பன தன் கடமைக்கும் நோயாளிக்கும் இடையே குறுக்கிட வைத்தியன் இடமளியான் எனக் கூறிற்று. யூத மக்கள் மீது நாசி வைத்தியர் நிகழ்த்திய கொடுமைகளின் பின் எழுந்த உறுதிமொழியாதலின் அவ்வழுத்தம் இயல்பே. ஆனால் தொழிலிடத்து உறவைப் பொறுத்தவரை, சக வைத்தியரை உடன்பிறந்தாராகக் கொள்வதோடு அது நின்றுவிட்டது. தாதியும் மருத்துவ மாதும் சிற்றூழியரும் அவ்வுடன்பிறப்பில் அடங்கவில்லை. இவ்விடத்தில் வள்ளுவர் மேலும் விரிவாக நோக்கினார் எனலாம். மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிபுரிபவனையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக அவர் வகுத்தார். மருத்துவனுக்குத் துணை நிற்பவனை ஏவலாளாகக் கொள்ளாது மருத்துவத்தின் கூறாகவே கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. அதே அதிகாரத்தில், நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதியே மருத்துவன் செயற்படல் வேண்டும் என்பதும் சொல்லப்படுகின்றது. நோயின் அளவு எல்லோரிடத்தும் ஒத்திருக்கலாம். நோயாளியின் அளவு அவ்வாறன்று. எனவே, எல்லா நோயாளியும் ஒன்றே என்னும் வாசகத்தை வள்ளுவர் அப்படியே ஏற்றிருப்பாரா என்பது ஐயத்துக்குரியது.

நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஏற்றுகின்ற ஒருவர் நோன்பு மாதத்தில் கிளினிக்குக்கு வருகின்றார் எனக் கொள்வோம். எல்லோர்க்கும் சொல்வதையே அவருக்கும் சொல்லி அனுப்பும் வைத்தியர் வேற்றுமை பாராட்டாதவரே. அவர் சொன்ன அளவையே சஹர் நேரத்தில் ஏற்றிக்கொண்டு பகல் முழுவதும் உண்ணாதிருக்கும் அந்நோயாளி, பிற்பகலில் குருதியில் வெல்லம் குறைந்து மயங்கி விழக்கூடும். "நோன்பு பிடிக்கவேண்டாம்" என்று கட்டளையிடுவதும் பயனற்றது. தலையை அசைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நோன்பு பிடிக்கும் முதியோர் எம்மூரிற் பலர். "நோன்பு பிடிக்க நினைத்திருக்கிறீங்களா?" என முதலிற் கேட்டு, பிடிக்கக்கூடாத நிலை எது, பிடிப்பின் மருந்தின் அளவையும் வேளையையும் எவ்வாறு மாற்றவேண்டும் என விளக்குபவரே நோயாளியின் அளவு கருதியவராவார். சமமானோரைச் சமமாகவும், வேறுபட்டோரை அவ்வேறுபாட்டுக்கு ஏற்பவும் நடத்துவதே நீதி என்ற அரிஸ்டோட்டிலின் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. ஆகவே, வேற்றுமை பாராமை என்பது ஓர் எல்லை வரைதான் அறமாகும். அதற்கப்பால் அது அறியாமையின் மறுபெயராகிவிடும்.

மொழியின் நிலையும் இதுவே. 1956 இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று; 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. சட்டத்தில் ஏறிய தமிழ் விடுதிக்குள் நுழைவதற்கு இன்னும் படிகள் பல உள. மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. தெற்கிலிருந்து கிழக்குக்கு நியமனம் பெற்று வரும் இளம் வைத்தியர் பலர் தமிழ் அறியார். எமதூர் மூதாட்டி தன் நோவைச் சொல்லும்போது, கை கால் உளையுது என்பார், வயிறு காந்துது என்பார், முதுகு கடுக்குது என்பார், நெஞ்சுக்குள்ளே குத்துது என்பார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயின் குறி. இதனை வைத்தியருக்கு எடுத்துச் சொல்பவர் யார்? அருகில் நிற்கும் சிற்றூழியர். அவர் அறிந்த சிங்களத்தில் அனைத்தும் "ரிதெனவா" என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. சிங்களத்தில் வேறு சொற்கள் இல்லையென்பதன்று. கட்டிலை நகர்த்துவதற்கும் தரையைத் துடைப்பதற்கும் நியமிக்கப்பட்ட ஒருவரிடம் அவற்றை எதிர்பார்ப்பதற்கு நமக்கு உரிமையில்லை. மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியும் அவருக்கு இல்லை, அதற்கான படியும் இல்லை. ஆயினும் அவ்விடுதியில் நடைபெறும் வைத்தியத்திற் பாதி அவர் நாவில் நிற்கின்றது. ஒரு தொழிலிடத்தில் யாருடைய அறிவு அறிவாகக் கொள்ளப்படுகின்றது என்பதை அறிய இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்திலது.

எல்லோர்க்கும் ஒரே விதி என்பது அநீதியாக மாறுதலை இந்நாடு 2020 இற் கண்டது. கொவிட் தொற்றால் இறந்தோர் உடல்கள் யாவும் தகனம் செய்யப்படல் வேண்டும் என அவ்வாண்டு ஏப்ரல் 11 ஆம் நாள் வர்த்தமானி அறிவித்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசுறும் என்ற காரணம் கூறப்பட்டது. விதியின் வாசகத்தில் மதத்தின் பெயர் எதுவும் இல்லை. எல்லா உடலும் ஒன்றே. ஆனால் அதன் சுமை இறந்தோரை அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்டோர்மீதே, சிறப்பாக முஸ்லிம்கள்மீதும் கிறித்தவருள் ஒரு சாரார்மீதும், விழுந்தது. அவ்வாண்டு திசம்பரில் பிறந்து இருபது நாட்களேயான சிசுவின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் விதி தளர்த்தப்பட்டு, மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கிற்று. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. இவ்வரலாற்றை வாசகர் அறிவர். நான் கேட்பது வேறு. பத்து மாதங்களுக்கு மேல் நிலைத்த அவ்விதியின் கீழ், விடுதியிற் கடமையில் நின்ற முஸ்லிம் வைத்தியரும் தாதியும் என்ன நிலையில் நின்றிருப்பர்? இறந்தவரின் மகனிடம் அச்செய்தியைச் சொல்லவேண்டியவர் அவர். அதே செய்தி நாளை தன் தந்தைக்கும் வரக்கூடும் என்பதை அறிந்தவரும் அவர். அவருக்கு அருகில் நின்ற சிங்களத் தாதியும் தமிழ் வைத்தியரும் அவருடைய மௌனத்தை எவ்வாறு விளங்கிக்கொண்டனர்? எத்தனையோ பேர் இரக்கத்தோடு விளங்கிக்கொண்டிருப்பர் என்றே நம்புகின்றேன். எனினும், எல்லோரும் ஒன்றே என்ற பயிற்சியை மட்டும் பெற்றவருக்கு அம்மௌனம் விளங்குவதற்கு வழியில்லை என்பது மறுக்கற்பாலதன்று.

இதுகாறும் கூறியவற்றால் வேற்றுமையை அறிதலே வேண்டற்பாலது என ஒருவர் முடிவுகட்டக்கூடும். அம்முடிவுக்கு எதிரே குருநாகல் நிற்கின்றது. 2019 ஏப்ரல் 21 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அதே மாதம் 26 ஆம் நாள், அத்தாக்குதலோடு தொடர்புடையோர் மறைந்திருந்த வீடொன்று எமதூரிலேயே வெடித்தது. குழந்தைகளும் உட்பட அங்கிருந்தோர் மாண்டனர். அவ்வீட்டைப் பற்றி முதலில் ஐயுற்றுத் தகவல் கொடுத்தோர் ஊர்மக்களே என்பது பின்னர் பேசப்படாத செய்தியாயிற்று. அடுத்த மாதமே, குருநாகல் போதனா வைத்தியசாலையில் மகப்பேற்றுப் பிரிவிற் கடமையாற்றிய வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு அவர்கள் அறியாமற் கருத்தடை செய்தார் என்று பத்திரிகைச் செய்தி வெளியாயிற்று. அவர் கைது செய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தனர். மருத்துவம் கல்லாத என் போன்றாருக்கும் எழும் வினா ஒன்று உண்டு. சிசேரியன் சத்திரசிகிச்சை தனியறையில் ஒருவர் மறைவாகச் செய்யும் காரியமா? மயக்கமருந்து வைத்தியர், தாதியர், உதவியாளர் எனப் பலர் கண்முன்னே நிகழ்வதல்லவா? குற்றப்புலனாய்வுத் திணைக்களம் அவர்களிடமெல்லாம் வாக்குமூலம் பெற்றது; குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என நீதிமன்றத்துக்கு அறிவித்தது. யூலையில் வைத்தியர் பிணையில் விடப்பட்டார். நிறுத்திவைக்கப்பட்டிருந்த சம்பளத்தின் நிலுவையாக 2022 இல் தமக்குக் கிடைத்த 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாவை, மருந்துத் தட்டுப்பாடு நிலவிய அவ்வேளையில் மருந்து வாங்குவதற்கென அவர் கொடுத்துவிட்டார். அக்கொடையைப் பாராட்டி எழுதியோர் பலர். பாராட்டுக்குரியதே, ஆனால் ஒருவர் தம்மை நல்லவர் என நிறுவுவதற்குத் தம் சம்பளத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது என்ற எண்ணம் எழாமல் அச்செய்தியைப் படிக்க என்னால் இயலவில்லை.

குருநாகலில் நிகழ்ந்ததும் வேற்றுமையை அறிதலே. அவ்வைத்தியர் முஸ்லிம் என்பதை எல்லோரும் நன்கு அறிந்தனர். அறிந்ததன் பயன் இதுவாயிற்று. நோன்பாளியின் இன்சுலினைச் சிந்திக்கும் வைத்தியரும், முஸ்லிம் வைத்தியரின் கத்தியை ஐயுறும் கூட்டமும் ஒரே வேற்றுமையையே காண்கின்றனர். இவ்விரு காட்சிகளையும் வேறுபடுத்துவது எது? அன்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்பு அளந்தறியக்கூடியதன்று. நான் கருதும் அடையாளம் இது: முன்னவர் வினாவை உரியவரிடமே கேட்கின்றார், பின்னவர் உரியவரைத் தவிர ஏனைய எல்லோரிடமும் கேட்கின்றனர். நோன்பு பிடிக்க நினைத்திருக்கிறீங்களா என்பது முகம் பார்த்துக் கேட்கப்படும் வினா. அவர் எத்தகையவராம், அவரது கூட்டம் எதுவாம் என்பது முதுகின் பின்னே கேட்கப்படுவது. முன்னதில் விடைகூறும் உரிமை உரியவர்க்கு இருக்கின்றது. பின்னதில் அவர் வாய்திறக்குமுன்னரே விடை முடிவாகிவிடுகின்றது. 2019 மே இறுதியில், பெண் அரச ஊழியர் சேலை அல்லது ஒசரி அணிதல் வேண்டும் என்று வெளியான சுற்றுநிருபத்திலும் இக்குறையே காணப்பட்டது. எதிர்ப்பின் பின் அது மாற்றப்பட்டது உண்மை. ஆயினும், அபாயா அணிந்து தொழிலுக்கு வந்த எந்தப் பெண்ணிடமும் ஒரு சொல் கேட்டபின் எழுதப்பட்ட சுற்றுநிருபமாக அது தோன்றவில்லை.

பிறர் குற்றம் பேசுவதோடு நின்றுவிடின் இக்கட்டுரையும் செயலமர்வு உரைகளில் ஒன்றாய்விடும். எம்மூரார் தம் பெண்களைப் பெண் வைத்தியரும் பெண் தாதியருமே பார்த்தல் வேண்டும் என விரும்புவர். விருப்பம் நியாயமானதே; வெட்கம் நோயாளிக்கும் உரியது. ஆனால் அப்பெண் தாதி எவ்வீட்டிலிருந்து வரவேண்டும் என்று நாம் கேட்பதில்லை. இரவுக் கடமை, சீருடை, ஆண்களின் உடலைத் தொடுதல் எனக் காரணங்கள் கூறி எம் புதல்வியரைத் தாதியத்துக்கு அனுப்ப நெடுங்காலம் தயங்கினோம். இன்றும் திருமணச் சந்தையில் ஆசிரியைக்கு உள்ள மதிப்புத் தாதிக்கு இல்லை. எம் தாய்மார் விடுதியிற் கிடந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தோர் தமிழ்ப் பெண்கள், கிறித்தவப் பெண்கள், சிங்களப் பெண்கள். அவர்களுடைய இரவைப் பெற்றுக்கொண்டு எம் வீட்டார் இரவைக் கொடாதிருத்தலை எவ்வகை அறத்தில் அடக்குவது? அண்மைக்காலத்தில் முஸ்லிம் பெண்கள் தாதியத்துக்கும் மருத்துவத்துக்கும் செல்வது பெருகிவருகின்றது. சீருடையில் அவர்களுக்கு இடமளிக்கவேண்டும் எனக் குரல் கொடுப்போர், அவர்களைத் தம் மைந்தர்க்கு மணம் பேசும்போதும் அதே குரலிற் பேசின் நன்று.

இன்னும் பழையதொன்றும் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே ஒஸ்தா எனப்படும் பரம்பரையினர் சுன்னத்துச் செய்தலையும் முடிதிருத்தலையும் தொழிலாகக் கொண்டிருந்தனர்; அவர் குடும்பப் பெண்கள் மருத்துவிச்சியராக இருந்தனர். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். இஸ்லாத்திற் சாதி இல்லை என மேடையில் முழங்கும் எம்மவர், குருதியையும் பிள்ளைப்பேற்றையும் தொட்டுத் தொழில் செய்தோரோடு சம்பந்தம் செய்யத் தயங்கினர். எமது முன்னோரைப் பூமிக்கு வாங்கிய கைகள் கல்யாண வீட்டில் எங்கே அமர்ந்து உண்டன என்பதை மூத்தம்மாமாரிடம் கேட்டறியலாம். இன்றைய வைத்தியசாலையிலும் உடலின் அழுக்கை மிக அருகிற் தொடுபவரே படிநிலையின் அடியில் நிற்கின்றார். வைத்தியருக்கு ஓர் ஓய்வறை, தாதியர்க்கு ஓர் ஓய்வறை, சிற்றூழியர்க்கு மாடிப்படியின் கீழ் ஒரு மூலை. இனவிகிதாசாரம் பேசுவோர் கண்ணில் இம்மூலை படுவதேயில்லை. ஏனெனில் அங்கே எல்லா இனத்தவரும் சமமாகவே அமர்ந்திருக்கின்றனர்.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 இல், ஜெனீவாப் பிரகடனம் வந்த அதே ஆண்டில், தோன்றிற்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் எம் நாட்டிலிருந்தும் சென்றோர் இன்றி அது இயங்கியிராது. 2020 இல் அங்கே கொவிட் நோயால் உயிரிழந்ததாக முதலில் அறிவிக்கப்பட்ட பத்து வைத்தியர்களும் சிறுபான்மை இனத்தவராயிருந்தமையைப் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் தலைவரே சுட்டிக்காட்டினார். பேராதனையிற் பயின்று இலண்டனில் முதியோர் மருத்துவராகப் பணியாற்றியவரும், இலங்கை வரலாறு பற்றியும் மருத்துவ வரலாறு பற்றியும் நூல்கள் எழுதியவருமான அன்ரன் செபஸ்தியாம்பிள்ளை அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்தோருள் ஒருவர். அந்நாட்டில் 2015 முதல் ஊழியரின் நிலையை இனவாரியாக அளந்து, ஒழுக்காற்று விசாரணைக்கு உட்படுவோர் யார், பதவியுயர்வு பெறுவோர் யார் என ஆண்டுதோறும் வெளியிடுகின்றனர். எண்ணிக்கை நோயைத் தீர்ப்பதன்று. வெப்பமானியும் காய்ச்சலைத் தீர்ப்பதில்லை. எனினும் காய்ச்சல் உண்டென்பதை ஒப்புக்கொள்ளாத வீட்டில் வெப்பமானிக்கு வேலை ஏது?

என் உறவினளான ராத்தா ஒருவர் தென்பகுதியிலுள்ள வைத்தியசாலை ஒன்றிற் தாதியாகச் சில ஆண்டுகள் கடமையாற்றினார். நோன்பு மாதம் வந்ததும், அவருடன் தொழில் செய்த சிங்களத் தாதி ஒருவர் தாமாகவே முன்வந்து மாலைக் கடமையைத் தம்முடைய பெயருக்கு மாற்றிக்கொள்வாராம். நோன்பு திறக்கும் வேளையில் ராத்தா விடுதி அறையிலே இருக்கவேண்டும் என்பதற்காக. வெசாக் வந்ததும் ராத்தா அவருடைய இரவுகளை ஏற்றுக்கொள்வார். ஒரு சுற்றுநிருபமும் இதனைச் சொல்லவில்லை. ஒரு செயலமர்விலும் இவர்கள் இருவரும் அமர்ந்திலர். கேட்டபோது மகிழ்ந்தேன். எனினும் உடனே ஒரு வினாவும் எழுந்தது. கடமைப் பட்டியல் எழுதுபவர் மாறி, அவ்வாறு மாற்றிக்கொள்ள இடமில்லை என்று கூறிவிட்டால்? நோன்பு திறக்கும் பத்து நிமிடம் ஒரு தோழியின் நல்ல மனத்தில் தங்கியிருத்தல் ஆகாது. அது கேட்டுப் பெறக்கூடிய உரிமையாய் இருத்தல் வேண்டும் என்றேன். நல்ல மனம் உள்ளோர் எல்லா விடுதியிலும் இருப்பரென எவரும் உறுதி கூறமுடியாது. உரிமை என்பது நல்லவர் இல்லாத விடுதிக்கே அவசியமாகின்றது.

ராத்தா உடன்படவில்லை. "உரிமை என்று எழுதிப் போட்டால் அவள் கணக்குப் பார்க்கத் தொடங்குவாள், நானும் பார்ப்பேன், உனக்கு எத்தனை நாள், எனக்கு எத்தனை நாள் என்று வரும்" என்றார். அதிலும் உண்மை உண்டு. தாமாகக் கொடுத்ததைக் கடனாக மாற்றினால் கொடுத்தவர் மனம் சுருங்கும். மூன்று சமூகத்தாரும் உள்ள விடுதியில், யார் பெருநாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு புதியதொரு பகையையும் தரக்கூடும். இருந்தும், 2019 மே மாதத்தில் அத்தோழிக்கு வேறொரு விடுதிக்கு மாற்றம் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவ்வாண்டு நோன்பு அம்மாதத்திலேயே வந்தது. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அந்த வருஷம் நான் ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதியிருந்தேன், பிறகு அவள் வாங்கிக் கிழித்துப்போட்டாள்" என்றார். இவ்விடயத்தில் எமக்கிடையே வாதம் இன்னும் முடியவில்லை.